நிர்வாகச் சிறப்புரிமை பற்றிய காணொலிப் பாடத்தொகுப்பு: கேட்டு முடித்தபின்

அமெரிக்க அதிபர் தம் ஆலோசகர்களுடன் பேசியதை நீதிமன்றத்துக்கோ காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கோ தர மறுக்கலாம் என்பதே நிர்வாகச் சிறப்புரிமை. அரசியலமைப்புச் சட்டத்தில் எங்குமே காணப்படாத இந்தச் சொல் எப்படி இத்தனை வலிமை பெற்றது என்பதை விளக்கும் காணொலிப் பாடத்தொகுப்பு ஒன்றைப் பணம் கட்டி வாங்கி, முழுவதும் கேட்டு முடித்தேன்.

அதிபர் நிக்சன் வழக்கு பற்றிய விரிவுரைக்காக மட்டுமே இதை வாங்கலாம். வாட்டர்கேட் விவகாரத்தில் அவருடைய உதவியாளர்கள் மீதான குற்ற வழக்குக்காக வெள்ளை மாளிகை உரையாடல் ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில் உத்தரவிட்டதும், நிக்சன் அடுத்த மாதமே பதவி விலகியதும் பலரும் அறிந்த செய்தி. நிக்சனைத் தோற்கடித்த அதே தீர்ப்புதான் இந்தச் சிறப்புரிமைக்கு அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டில் வேர் உண்டு என்றும் ஏற்றுக்கொண்டது என்பதை விரிவுரையாளர் தீர்ப்பின் பத்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி நிறுவுகிறார். ராணுவ ரகசியமோ தூதரக ரகசியமோ இருப்பதாக நிக்சன் தரப்பு சொல்லவில்லை. பொதுவான அந்தரங்கம் என்ற வாதம் மட்டுமே இருந்ததால், குற்ற வழக்கில் குறிப்பிட்ட சாட்சியத்துக்கான தேவை அதைவிடக் கனத்தது. அப்போதும் நாடாக்களை முதலில் விசாரணை நீதிபதி தனியே கேட்டு, வழக்குக்குத் தொடர்புடைய பகுதிகளை மட்டும் தர வேண்டும் என்ற ஏற்பாட்டை விரிவுரையாளர் தவறாமல் சுட்டுகிறார்.

காங்கிரஸ் பற்றிய பகுதியோ அவசர அவசரமாக ஓடி முடிகிறது. அதே 1974இல் செனட் குழு ஒன்று நாடாக்களைத் தருமாறு கோரி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. தன் பணிக்கு அவை இன்றியமையாதவை என்று அந்தக் குழுவால் நிறுவ முடியவில்லை. இது பாடத்தில் இல்லாததால், குற்ற வழக்குக்குச் சொல்லப்பட்ட அளவுகோல் நாடாளுமன்ற விசாரணைக்கும் அப்படியே பொருந்தும் என்றுதான் புதியவர் நினைப்பார். சாட்சியத்தை மறுக்கும் சிறப்புரிமையும் வழக்குத் தொடரப்படுவதிலிருந்து காக்கும் விலக்குரிமையும் வேறு வேறு என்பதற்காவது ஒரு வாக்கியம் ஒதுக்கியிருக்கலாம். டிரம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2024 தீர்ப்பு பேசியது இரண்டாவதைப் பற்றி.

எனக்கு எரிச்சலூட்டியது பயிற்சித் தேர்வு. முன்னாள் அதிபர் இந்தச் சிறப்புரிமையைக் கோரவே முடியாது என்பதைச் சரியான விடையாகக் குறித்திருந்தார்கள். அவரும் கோரலாம், ஆனால் பதவியில் இருப்பவரின் நிலைப்பாடு கூடுதல் எடை பெறும் என்பதே நிக்சன் தொடர்பான உச்ச நீதிமன்றத்தின் 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம். இதை எடுத்துக்காட்டி எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மூன்று வாரமாகியும் விடைக்குறிப்பு அப்படியேதான் இருக்கிறது.