பத்திரத்தில் நான் வெறும் சாட்சி

2021 பிப்ரவரியில், மேடவாக்கத்தில் நானும் என்னுடன் வாழ்ந்தவரும் சேர்ந்து ஒரு வீடு வாங்கினோம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிரயப் பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில், சாட்சிகள் வரிசையில். திருமணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்களும், நிச்சயமாகி நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

விலை 52 லட்சம். வீட்டுக் கடன் 30 லட்சத்தைத் தாண்டினால் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தராது. அவர் பெயரில் 41 லட்சம் கிடைத்தது. மீதியில் 9 லட்சம் என்னுடையது. 6 லட்சத்துக்கு என் பெயரில் தனிநபர் கடன் எடுத்தேன், 3 லட்சத்துக்கு நகையை விற்றேன். எல்லாவற்றையும் அவர் கணக்கில் போட்டேன்.

பதிவு நாளன்று ஆவண எழுத்தர் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம் பெயரையும் சேர்க்க வேண்டுமா சார்?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றார். சாட்சிக்கு ஓர் ஆள் குறைந்தது. நானே ஆதார் அட்டையை நீட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

மாதத் தவணையில் என் பங்காக 16,000 ரூபாய் அனுப்பி வந்தேன். செயலியில் குறிப்பு எழுதும் இடத்தில், பழைய பழக்கத்தில் 'வாடகை' என்றே எழுதினேன். இரண்டே நொடி வேலை. மூன்று வருடங்களுக்கு மேல் மாதம் தவறாமல் எழுதியிருக்கிறேன்.

2024 ஜூனில் பிரிந்தோம். ஒரு வாரத்தில் பூட்டு மாறியது. என் வழக்கறிஞர் அனுப்பிய நோட்டீசுக்கு வந்த பதில் ஒரே பக்கம்: 9 லட்சம் அன்பளிப்பாம், 16,000 அந்த வீட்டில் குடியிருந்ததற்கு வாடகையாம். ஆதாரமாக என் கைப்பட எழுதிய குறிப்புகளையே இணைத்திருந்தார்கள். அந்தத் தாளைப் பிடித்திருந்த கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

"பணம் என்னுடையது, வீடு அவர் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதானே?" என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். அப்படிச் சொல்வதே ஆபத்து என்றார். 1988ஆம் ஆண்டின் பினாமி தடைச் சட்டத்தில் கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விலக்கு உண்டு, திருமணமாகாமல் சேர்ந்து வாழும் துணைவருக்குக் கிடையாது. பினாமி என்று ஆனால் உரிமை கேட்டு வழக்கே போட முடியாது, தண்டனையும் உண்டு. சரி, கைமாற்றாகவாவது கேட்கலாமென்றால், கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுக் கெடு. கொரோனா காலத்தை, 2022 பிப்ரவரி இறுதி வரை, உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கிலிருந்து விலக்கியதால்தான் எனக்கு அது 2025 பிப்ரவரி இறுதி வரை நீண்டது; இல்லாவிட்டால் நாங்கள் பிரிவதற்கு நான்கு மாதம் முன்பே முடிந்திருக்கும். இடையில் ஒருமுறை அவரிடமிருந்து 'இவ்வளவு பாக்கி' என்று கையெழுத்துடன் எழுதி வாங்கியிருந்தால் கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கும்.

குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறதே என்று தோழிகள் கேட்டார்கள். திருமணம் போன்ற உறவில் வாழ்ந்த பெண்ணையும் அது காக்கிறது. ஆனால் அது தருவது குடியிருக்கும் உரிமை, வீட்டின் மீதான சொத்துரிமை அல்ல.

ஆகவே பெயர் 'எழுதி வாங்குபவர்' என்ற இடத்தில்தான் வர வேண்டும். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதும் பத்திரத்திலேயே இருக்கட்டும். அது இல்லாமல், யார் எவ்வளவு போட்டார் என்பதற்கும் சான்று இல்லாவிட்டால், சரிபாதி என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பாதீர்கள். குடும்பத்தினருக்குள் பாகத்தை எழுதிக் கொடுக்க இருக்கும் கட்டணச் சலுகை துணைவருக்குக் கிடையாது, கிரயத்துக்கு ஆகும் முத்திரைத் தீர்வையே ஆகும். நோட்டரியிடம் எழுதிய காகிதம் பாகத்தைக் கொடுக்காது, பதிவு செய்த பத்திரம்தான் கொடுக்கும். பணம் அனுப்பும்போது 'வீட்டுத் தவணை' என்று எழுதுங்கள்.

உயிலையும் தள்ளிப் போடாதீர்கள். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் அவர் பாகம் பெற்றோர், பிள்ளைகள் போன்ற சட்டப்படியான வாரிசுகளுக்குத்தான் போகும், கூட வாழ்ந்தவருக்கு ஒன்றும் வராது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் போதும்.

6 லட்சம் கடன் ஐந்து வருடத் தவணை. வீட்டை விட்டு வெளியேறிய பிறகும் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி என் கணக்கிலிருந்துதான் அது போய்க்கொண்டிருந்தது.