பழைய ஸ்வெட்டர் குஷன்: வெந்நீரில் சுருக்கித் தைப்பதா, லைனிங் வைத்துத் தைப்பதா?

போன வருடம் பரணை ஒழித்தபோது பதினோரு ஸ்வெட்டர் கீழே இறங்கியது. கொடைக்கானலில் இது ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை. அதில் ஆறு, பிள்ளைகள் போட்டுக் கழித்த பள்ளி ஸ்வெட்டர்கள். இரண்டு வருடத்தில் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடும், அதற்குள் முழங்கையும் ஓட்டையாகியிருக்கும். மூன்று என் கணவர் கல்யாணத்துக்கு முன்னால் போட்டவை. ஒன்று மாமாவின் காப்பிக்கலர் முழுக்கை, அசல் கம்பளி. கடைசி ஒன்று அத்தை கையால் பின்னிய பட்டன் வைத்த கார்டிகன். போடக்கூடிய நிலையில் இருந்த நான்கைக் காரட் தோட்ட வேலைக்கு வருகிறவர்களிடம் கொடுத்தோம். மார்கழியில் இங்கே ஒரு ஸ்வெட்டருக்கு எப்போதும் ஆள் உண்டு. நல்லதை வெட்டிக் குஷன் தைப்பது எனக்கு ஒப்பவில்லை. மிச்சம் ஏழுதான் கத்தரிக்கு வந்தன.

குஷன் உறை தைக்க இரண்டு வழி. ஒன்று, கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரிலும் சோப்பிலும் போட்டு அலசி வேண்டுமென்றே சுருங்க வைப்பது. பின்னல் கண் எல்லாம் மூடி, ஜமுக்காளம் மாதிரி கெட்டியாகிவிடும். பிறகு எப்படி வெட்டினாலும் இழை பிரியாது. இன்னொன்று, ஸ்வெட்டரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே பழைய பருத்தித் துணியை லைனிங்காகக் கொடுத்துத் தைப்பது. இரண்டையும் செய்து பார்த்தேன். இப்போது கூடத்து சோபாவில் கிடக்கும் நான்கும் லைனிங் வைத்தவை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் சுருக்கியதற்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த வழியானாலும் ஸ்வெட்டர் எதில் ஆனது என்று முதலில் தெரிய வேண்டும். லேபிள் கிழிந்திருந்தால் உள் தையலிலிருந்து ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து தீக்குச்சி காட்டுங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகிய வாடை வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்னும் செயற்கை இழை என்றால் உருகி ஒழுகும், ஆறியபின் கறுப்பாக ஒரு கெட்டி மணி நிற்கும். எங்கள் ஏழில் மாமாவுடையது மட்டும் பொடியானது. அத்தை தன் கார்டிகனைக் கம்பளி என்றே இத்தனை வருடம் சொல்லி வந்தார். மணி உருண்டதும், “அப்ப அந்தக் கடைக்காரன் நூலை மாத்திக் குடுத்துட்டான்” என்றதோடு பேச்சு முடிந்தது.

கம்பளி சுருங்குவதற்குக் காரணம், ஆட்டு மயிரின் மேல் மீன் செதில் போல அடுக்கு இருப்பது. வெந்நீரில் செதில் விரிகிறது, சோப்பு வழுக்கிவிடுகிறது, அலசலில் ஒரு மயிர் இன்னொன்றோடு பின்னிக்கொள்கிறது. பின்னிக்கொண்டது திரும்பப் பிரியாது. அக்ரிலிக்கில் செதில் கிடையாது, அதனால் எத்தனை அண்டா வெந்நீர் வைத்தாலும் அது இப்படிச் சுருங்கிக் கெட்டியாகப் போவதில்லை. மெஷினில் துவைக்கலாம் என்று லேபிள் போட்ட கம்பளியும் அநேகமாகச் சுருங்காது, அதன் செதிலைத் தொழிற்சாலையிலேயே மழுக்கியிருப்பார்கள்.

மாமாவின் ஸ்வெட்டரை வாட்டில் மர விறகு எரிக்கும் பாய்லரில் காய்ந்த நீரில் முக்கி, மெஷினில் இரண்டு பழைய ஜீன்ஸோடு போட்டு ஓடவிட்டேன். மூன்றாவது சுற்றில்தான் கண் மூடியது. நெஞ்சுப் பக்கம் இருபத்திரண்டு அங்குல அகலம் இருந்தது பதினேழாகிவிட்டது, நீளத்தில் இழப்பு இன்னும் அதிகம். கடையில் விற்கும் சாதாரண குஷனின் அளவு பதினாறுக்குப் பதினாறு. தையலுக்கு விட்டு, கழுத்து வெட்டையும் தவிர்த்துப் பார்த்தால் எனக்குப் பதினான்குக்குப் பதினான்குதான் தேறியது. ஆனால் பார்க்க அவ்வளவு அழகு. வெட்டிய விளிம்பு பிஸ்கட் மாதிரி சுத்தமாக நின்றது. தையல் மெஷின்கூட வேண்டாம், கம்பளி ஊசியும் நூலும் போதும். கன்னத்தை வைத்தால் குளிரில் சில்லிடாது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சுருக்கிய கம்பளிக்குத்தான் கையைத் தூக்கியிருப்பேன்.

அது புரட்டாசி. ஐப்பசி பிறந்ததும் கதை மாறியது.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தோன்றாது. வத்தலக்குண்டில் காலையில் காயப்போட்டால் மதியம் மடித்துவைக்கலாம். இங்கே ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் துணி காய்வது என்பது வீட்டில் தினசரி நடக்கும் பேச்சுவார்த்தை. மஞ்சு மதியத்துக்கே இறங்கிவிடும். கொடியில் கிடப்பது மூன்றாம் நாளும் சில்லென்று இருக்கும், ஈரமா குளிரா என்று கன்னத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். அடுப்பங்கரைக் கொடியில் இடம் பிடிக்க உள்ளாடைக்கும் பள்ளிச் சீருடைக்கும் முதல் உரிமை. குஷன் உறை வரிசையில் கடைசி.

சின்னவன் சுருக்கிய கம்பளிக் குஷன் மேல் போன்விட்டா கொட்டினான். உறையைக் கழற்றிக் குளிர்ந்த நீரில் அலசினேன், கறை போய்விட்டது. காய்ந்தது ஏழாம் நாள். அதுவும் இரண்டு இரவு அடுப்பு ஓரம் நாற்காலியில் விரித்துப் போட்ட பிறகு. நான்காம் நாளிலிருந்து வீடு முழுக்க நனைந்த ஆட்டு வாடை. மாமா மட்டும் மூக்கைச் சுளிக்கவில்லை. அவருக்கு அந்த வாடை பழக்கம், சின்ன வயதில், ஆட்டுப் பண்ணை இருக்கும் மன்னவனூர்ப் பக்கம் இருந்தவர்.

காரணம் கம்பளியின் நல்ல குணத்திலேயே இருக்கிறது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை அது காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், தொட்டால் நனைந்தது போலத் தெரியாது. உடம்பில் போடும்போது அதுதான் வரம். சோபாவில் கிடக்கும்போது மழைக்காலம் முழுக்க அது ஈரத்தைச் சேமித்துவைத்த பொருள். சுருக்கியபின் இன்னும் மோசம், துணி தடித்து கண் மூடிவிட்டதால் காற்று உள்ளே போய்வர வழி இல்லை. அக்ரிலிக் காற்றிலிருந்து எடுக்கும் ஈரம் நூற்றுக்கு இரண்டு பங்கு போலத்தான். பள்ளி ஸ்வெட்டரில் தைத்த உறையை அதே ஐப்பசியில் மெஷினில் சுழற்றிப் பிழிந்து அடுப்பங்கரையில் போட்டேன், மறுநாள் மாலை ஸ்வெட்டர் பக்கம் காய்ந்துவிட்டது. உள்ளே இருந்த பருத்தி லைனிங் மட்டும் மேலும் ஒரு நாள் எடுத்தது. அடுத்த இரண்டு உறைக்குப் பழைய பாலியெஸ்டர் பாவாடைத் துணியை லைனிங்காகக் கொடுத்தேன், அந்த ஒரு நாளும் மிச்சமானது.

“ஆட்டுப் பண்ணை இருக்கிற மலையில உக்காந்துகிட்டு அக்ரிலிக்குக்கு வக்காலத்து வாங்குறியே” என்று என் கணவர் கேலி செய்வார். மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது, பாரத் மெரினோ ஆடு வளர்க்கிறார்கள். ஆட்டுக்கும் எனக்கும் பகை இல்லை. காயாத துணியோடுதான் பகை.

இன்னொரு விஷயம் பூச்சி. கம்பளியை அந்துப்பூச்சியின் புழு தின்னும், அக்ரிலிக்கைத் தொடாது. தினமும் புரளும் குஷனில் பூச்சி அவ்வளவாக வராது என்றாலும், விருந்தாளி அறையில் மாதக்கணக்கில் கிடந்தால் ஒரு நாள் ஓட்டை தெரியும். எனக்கு இதுவரை வரவில்லை, ஆனால் என் கம்பளிக் குஷனுக்கு ஒரு வயதுதான் ஆகிறது.

லைனிங் வழியின் சங்கடம் வெட்டும் நேரத்தில். ஸ்வெட்டரில் கத்தரி பட்டால் கண் ஒவ்வொன்றாக அவிழ்ந்து ஓடும். ஜிக்ஜாக் மெஷின் இருந்தால் கவலை இல்லை, என்னிடம் இருப்பது கால்மிதி மெஷின், நேர்த்தையல் மட்டும். முதல் ஸ்வெட்டரை வெட்டிவிட்டுத் தைக்கப் போய், விளிம்பு அப்பளப்பூ மாதிரி நெளிந்து வீணாகிவிட்டது. பிறகு மூஞ்சிக்கல் பக்கம் ஒரு தையல்காரர் சொல்லிக்கொடுத்த வழி இது: “வெட்டாதீங்கக்கா, மொதல்ல அடிங்க. அடியில பேப்பர் வைங்க.” சாக்பீஸில் சதுரம் வரைந்து, ஸ்வெட்டருக்கு அடியில் லைனிங், அதற்கும் அடியில் செய்தித்தாள் வைத்து, கோட்டின் மேல் இரண்டு வரிசை நேர்த்தையல் போட வேண்டும். காகிதம் இருப்பதால் மெஷினில் துணியை நகர்த்தும் பற்கள் ஸ்வெட்டரை இழுக்காது. தைத்தபின் தையலுக்கு வெளியே அரை அங்குலம் விட்டு வெட்டி, காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடலாம். தையல் துளை வழியே அது தபால்தலை மாதிரி சுலபமாகக் கிழியும். ஊசி மட்டும் முனை மழுங்கிய பனியன் ஊசியாக இருக்கட்டும். கூர் ஊசி இழையை அறுத்து, இரண்டாம் துவைப்பில் ஓட்டை காட்டும்.

பேஸ்டிங் துணியை, அதாவது சூட்டில் ஒட்டும் பசைத் துணியை, இஸ்திரியால் ஒட்டினால் வேலை சுலபம் என்று சொல்வார்கள். கம்பளிக்குச் சரி. அக்ரிலிக்கில் சூடு பட்ட இடம் தொய்ந்து பளபளத்துப் போகும், பழைய நிலைக்குத் திரும்பாது. ஒரு ஸ்வெட்டர் கையை அப்படிக் கெடுத்திருக்கிறேன். இதே காரணத்தால் கணப்பு எரியும் அறையில் அக்ரிலிக் குஷனைத் தரையில் போடாதீர்கள். கம்பளியில் பொறி விழுந்தால் கருகி நின்றுவிடும், அக்ரிலிக் உருகி எரியும். கணப்புப் பக்கத்துக்கு நான் கம்பளியைத்தான் வைப்பேன், அந்த ஒரு இடத்தில் அதற்கு மாற்று இல்லை.

ஜிப் வேண்டாம். இழுபடும் துணியில் ஜிப் வைத்தால் அலை அலையாக நிற்கும். ஸ்வெட்டரின் இடுப்புப் பட்டையையே பின்பக்க வாயாக வைத்து, ஒன்றின் மேல் ஒன்று நான்கு அங்குலம் ஏறும்படி விட்டால் போதும். கார்டிகன் என்றால் பட்டனே வாய்.

உள்ளே அடைப்பதிலும் இதே காய்கிற கணக்குதான். போடியிலிருந்து வரும் இலவம்பஞ்சுக்கு எங்கள் வீட்டில் அத்தையின் ஓட்டு. நாரின் உள்ளே குழல் மாதிரி வெற்றிடம், மேலே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் சுலபத்தில் ஏறாது, ஒரு காலத்தில் மிதவைச் சட்டைக்குள்ளேயே இதைத்தான் அடைத்தார்கள். தலை வைக்க இதைப் போல எதுவும் இல்லை. ஆனால் துவைக்கக் கூடாது, கட்டி தட்டிவிடும். வெயிலில் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும், வெயில் என்பது இங்கே தை முதல்தான் நம்பிக்கைக்கு உரியது. பைபர் பஞ்சு துவைத்தால் காய்ந்துவிடும். ஆனால் நாளடைவில் அமுங்கி நடுவில் பள்ளம் விழுகிறது, என் முதல் குஷனில் எட்டாம் மாதமே விழுந்தது. மட்டமான பஞ்சை வாங்கியதாலும் இருக்கலாம். மாமா முதுகுக்கு வைப்பதற்கு இலவம்பஞ்சு, பிள்ளைகள் புரள்வதற்கு பைபர் என்று இப்போதைக்குப் பிரித்திருக்கிறோம். எதை அடைத்தாலும் தனி உள் உறையில் தைத்து அடையுங்கள். நேரே ஸ்வெட்டருக்குள் அடைத்தால் இலவம்பஞ்சு பின்னல் கண் வழியே பறந்து வீடெல்லாம் தும்மல்.

வெட்டிய ஸ்வெட்டர் துண்டுகளையே உள்ளே திணிக்கலாமே என்று தோன்றும். திணித்தேன். செங்கல் மாதிரி கனத்தது.

இழையைப் பிரித்து மறுபடி பின்னுவது தனிக் கலை. அத்தைக்கு வரும், எனக்கு வராது.

சமவெளியில் இருப்பவருக்கு, அதுவும் கம்பளி ஸ்வெட்டர் கையில் இருந்தால், சுருக்கித் தைப்பதே நல்லது என்பேன். காய்வதைத் தவிர அதன் மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. ஊட்டியில், குன்னூரில் இருப்பவர்கள் என் பக்கம்தான் வருவார்கள் என்று நினைக்கிறேன். லைனிங் உறை எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால், என்னுடைய மூத்த உறைக்குப் பதினான்கு மாதம். எட்டு தடவை துவைத்தாயிற்று, முழங்கை ஓட்டையை மறைத்து வைத்த ஒட்டு மட்டும் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறது.

அத்தையின் கார்டிகனை இன்னும் வெட்டவில்லை. நான்கு பட்டனும் அப்படியே இருக்கின்றன, வாயும் தயாராக இருக்கிறது, லைனிங்குக்கு மாமாவின் பழைய வேட்டியைக்கூட எடுத்துவைத்துவிட்டேன். போன வாரம் சாக்பீஸோடு எடுத்து விரித்தேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இந்தக் கழுத்துப் பட்டையை மூணு தடவ அவுத்துப் பின்னினேன், தெரியுமா” என்றார். மடித்து வைத்துவிட்டேன்.