நிலாவின் இயற்கைக் காந்தக் கவசம்: கருவிக்குச் சரி, ஆளுக்குப் போதாது

நிலாவில் இறங்குவோருக்கு இயற்கையான காந்தக் கவசம் இரண்டு வழியில் கிடைக்கிறது. தரைப்பாறையில் அங்கங்கே உறைந்து நிற்கும் காந்தப்புலம் ஒன்று. பூமியின் காந்த வால், அதாவது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீண்டு கிடக்கும் பூமியின் காந்தப்புலம், மற்றொன்று. பௌர்ணமியை ஒட்டி ஐந்தாறு நாள் நிலா அதற்குள் இருக்கும்.

சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்றைத் தடுப்பதில் தரைப்புலம் நன்றாகவே வேலை செய்கிறது. ஜெராசிமோவிச் பள்ளத்தின் அருகே சுமார் 360 கி.மீ. அகலத்துக்குத் தரையில் விழும் புரோட்டான்கள் குறைந்திருப்பதைச் சந்திரயான்-1இல் இருந்த சாரா என்ற துகள் அளக்கும் கருவி காட்டியது. இத்தனைக்கும் புலம் மிக மெலிது. அப்போலோ 16 குழு தரையில் அளந்த அதிகபட்சம் 300 நானோடெஸ்லாவுக்கு (காந்தப்புல அலகு) சற்று மேல்; பூமியில் 25,000 முதல் 65,000 வரை உண்டு. பிறகு எப்படித் தடுக்கிறது? எடை குறைந்த எலக்ட்ரான்கள் முதலில் திரும்பிவிடும், கனத்த புரோட்டான்கள் உள்ளே நுழையும். இரண்டும் பிரிவதால் உண்டாகும் மின்புலம் புரோட்டானைப் பின்னுக்கு இழுக்கும். அதன் பலம் சில நூறு வோல்ட். சுமார் 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வரும் சூரியக் காற்றைத் திசைதிருப்ப அது போதும்.

ஆனால் ஆளுக்கு ஆபத்து அதனால் இல்லை. விண்வெளி உடையின் மேல்துணியே சூரியக் காற்றை நிறுத்திவிடும். அஞ்ச வேண்டியது, சூரியன் திடீரென அதிவேகப் புரோட்டான்களை வாரி வீசும் துகள் புயலுக்குத்தான். 1972 ஆகஸ்டில், அப்போலோ 16க்கும் 17க்கும் நடுவே, அப்படியொன்று வீசியது. 100 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் 300 நானோடெஸ்லாவில் வளையும் ஆரம் ஏறக்குறைய 4,900 கி.மீ. நிலாவின் ஆரமே 1,737 கி.மீ.தான். அந்தப் புரோட்டானுக்கு இந்தப் புலம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

காந்த வாலை நம்பிப் பயண நாள் குறிப்பதும் வீண். அங்கே புலம் 10 நானோடெஸ்லா அளவுதான். அதோடு, வாலின் நடுவிலுள்ள சூடான பிளாஸ்மாவை (மின்துகள் கூட்டத்தை) கடக்கும்போது இருட்டுப் பக்கத் தரையில் நூற்றுக்கணக்கான வோல்ட் எதிர்மின்னூட்டம் ஏறலாம். கருவிகளின் உலோகப் பாகங்களை ஒன்றோடொன்று இணைத்து வைக்காவிட்டால் பொறி பறக்கும்.

ஆகவே தரைப்புலம் வலுவாக உள்ள இடத்தைச் சூரியக் காற்று படக்கூடாத கருவிகளுக்கு ஒதுக்குங்கள். ஆட்களுக்கு நிலா மண்தான் சரி. மேலே சொன்ன புரோட்டானை ஆறேழு செ.மீ. மண்ணே நிறுத்திவிடும், அதைவிட வேகமானவையும் வருமென்பதால் அரை மீட்டராவது போடுங்கள். சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்களான அண்டக்கதிருக்கு அது போதாது. மெல்லிய மூடியில் அது மோதி நியூட்ரான்களைக் கிளப்பும், அதனால் நீண்டநாள் தங்குமிடத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் வேண்டும். புயல் தொடங்கிய சற்று நேரத்தில் துகள்கள் எல்லாத் திசையிலிருந்தும் வரும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் சுவர் எழுப்பினால் பயனில்லை. வாசலையும் நேராக விடாமல் ஒருமுறை வளைத்துக் கட்டுங்கள்.