ஊட்டிச் சரிவில் ‘சுகர் செருப்பு’: எந்த மாடல் தாங்கும்?

சர்க்கரை நோயாளிகள் மருந்துக் கடையில் “சுகர் செருப்பு” என்று கேட்டால் எடுத்து வைப்பது எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர். கோயம்புத்தூர் சமதரையில் நடக்கிறவர்களுக்கு எந்த மாடலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி படிக்கட்டுகளில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அப்படி இல்லை. இங்கே காலைக் கெடுப்பது ரப்பரைவிட வார்தான்.

ரப்பரைப் பற்றி முதலில். தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களுக்காக வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் குழுவினர் எடுத்துக்கொண்ட பொருள் இது. வலி தெரியாத கால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுந்தித்தான் புண்ணாகிறது. சர்க்கரை வருஷக்கணக்கில் கூடியே இருந்து மதமதத்துப் போன காலுக்கும் இதே கதைதான். மெத்தென்ற ரப்பர் அந்த அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடுகிறது. தேவையான மென்மை, ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் 15-ஐ ஒட்டி. பெட்டியில் இது அச்சாகி இருக்காது என்பதால் கடையிலேயே சோதிக்க வேண்டும்: உள்தட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். கிட்டத்தட்ட பாதி கனத்துக்கு அமுங்கி, விட்டவுடன் எழும்ப வேண்டும். அமுங்க மறுத்தால் அது சாதா ரப்பர். அமுங்கியது எழும்பாமல் குழியாகவே நின்றால் மட்டமான ஷீட். எம்.சி.ஆர். என்று ஒட்டி விற்பவற்றில் இந்த இரண்டு ரகமும் உண்டு. உள்தட்டு 8 முதல் 10 மில்லிமீட்டர் கனம், அதற்குக் கீழே கெட்டியான தனி அடித்தட்டு. மொத்தமும் மெத்தென்று இருந்தால் சாலை ஜல்லியும் முள்ளும் குத்தி ஏறிவிடும்.

இனி வார். அதிகம் விற்பது பெருவிரல் வளையமும் ஒற்றைப் பட்டையும் வைத்த மாடல். இறக்கத்தில் உடம்பு எடை முன்னால் போகும், பாதமும் சறுக்கி முன்னால் வரும். விரல் நுனிகள் செருப்பின் விளிம்பைத் தாண்டிப் படிக்கல்லில் இடிக்கும். பெருவிரலும் அடுத்த விரலும் சேரும் இடத்தை வளையம் அறுக்கும். காலில் உணர்ச்சி இருந்தால் பத்தடியில் நின்று சரிசெய்துகொள்வோம். இல்லாதவர் வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்துபோகிறவர்களும் உண்டு. டிசம்பர் உறைபனியில் கம்பளிக் காலுறை இல்லாமல் முடியாது, காலுறையோடு வளையத்துக்குள் விரல் நுழையாது.

ஆகவே மலைக்கு வாங்க வேண்டியது குதிகாலுக்குப் பின்வார் உள்ள, முன்னால் இரண்டு அகல வெல்க்ரோ பட்டை வைத்த சாண்டல். அதைவிட நல்லது, முன்பக்கம் மூடிய, விரல் பகுதி அகலமான வெல்க்ரோ ஷூ. மழை மாதங்களில் பாசி பிடித்த படிகளைக் கணக்கில் வைத்து அடித்தட்டில் ஆழமான வெட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அளவு எடுக்க மாலையில் போவது நல்லது. அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். குளிர்காலத்தில் போடும் அதே கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு, நின்றபடி பார்க்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் வேண்டும். “போட்டுப் பார்த்தேன், இறுக்கமாகத் தெரியவில்லை” என்ற பேச்சு இங்கே செல்லாது, மதமதத்த காலுக்கு இறுக்கமானதுதான் சரியாகப் பொருந்திய மாதிரி தோன்றும். வெறும் பாதத்தைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு, வெட்டிக் கடைக்கு எடுத்துப்போங்கள். உள்ளே வைத்தால் காகிதம் எங்கும் மடங்கக் கூடாது. புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, சிவந்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலுறை வெளிர் நிறமாக இருந்தால் ரத்தக் கறை உடனே தெரியும். காலுறையின் தையல் விரலில் அழுந்தினால் அதை உள்வெளியாகத் திருப்பிப் போடலாம்.

இந்தச் செருப்புகளின் பெரிய குறை ஈரம். ரப்பர் தண்ணீர் குடிக்காது, அதன் மேல் ஒட்டிய துணியும் வாரின் உள் மெத்தையும் குடிக்கும். மூட்டம் போட்ட ஜூலையில் அது காய நாள் கணக்கில் ஆகும். அவசரத்துக்கு அடுப்பு ஓரமோ கணப்புப் பக்கமோ வைத்தால் பசை விட்டு அடித்தட்டு பிரிந்துவிடும். ஈரத்தோடு போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண், அதன் வழியே கிருமி. இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதுதான் வழி. 500 ரூபாய்க்குக் கீழேயும் கிடைக்கிறது, ஆயிரத்தைத் தாண்டியும் போகிறது. விலை கூடிய ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு மேல்.

தேயிலைத் தோட்டத்தில் கம்பூட்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுச் செருப்புக்கு மாற முடியாது, அட்டைக்கடி இருக்கிறது. ஒரு சைஸ் பெரிய பூட்ஸ் வாங்கி, உள்ளே 5 மில்லிமீட்டர் எம்.சி.ஆர். ஷீட்டைப் பாத அளவுக்கு வெட்டிப் போடலாம். போடுமுன் கவிழ்த்து உதறி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். சிறு கல் ஒன்று போதும்.

இந்தச் செருப்பு எதற்கு ஆகாது என்பதும் முக்கியம். உள்ளங்காலில் புண் ஏற்கெனவே இருந்தால் இது மருந்தல்ல. அந்த இடத்தில் எடையே விழாமல் செய்ய வேறு ஏற்பாடு தேவை. விரல் மடங்கியவர்களுக்கும் பாதம் வளைந்தவர்களுக்கும் அச்செடுத்துச் செய்வதுதான் சரி. பாதம் ஒன்று மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்து, வலி குறைவாக இருந்தால் “படியில் சுளுக்கியது” என்று தைலம் தேய்க்காதீர்கள். எலும்பு உள்ளே நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். நடையை நிறுத்தி அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மாறாக, 10 கிராம் நைலான் இழையால் டாக்டர் தொட்டுப் பார்த்து உணர்ச்சி சரியாக உள்ளது, ரத்த ஓட்டமும் நன்று என்று சொன்னவருக்கு, கடிக்காத எந்த ஷூவும் போதும்.

குதிகாலின் கீழும் பெருவிரல் அடியிலும் ரப்பர் எழும்பாமல் தட்டையாகிவிட்டால் மாற்றும் நேரம். தினமும் நடக்கிறவருக்கு வருஷத்துக்குள்ளேயே அது வந்துவிடும். வார் மட்டும் பிய்ந்தால் தைக்கக் கொடுக்கலாம். ஆணி அடிக்காமல் நூலில் தைக்கச் சொல்லிக் கொடுங்கள், தைத்ததைத் திரும்ப வாங்கும்போது உள்ளே விரலை ஓட்டிப் பாருங்கள்.