படிக்காத பையனுக்கு எது சரி: குருவா, கௌபாயா, சாம்புவா?

ஆறாவது, ஏழாவது படிக்கிற பையன்களில் பலர் புத்தகத்தைக் கண்டாலே நழுவிவிடுவார்கள். "படிடா" என்றால் உடனே தாகம் எடுக்கும். அறிவுரைக் கதையெல்லாம் அவர்களிடம் எடுபடாது. சிரிப்பும் ஓட்டமும் இருந்தால் உட்காருவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பையன்களை மனதில் வைத்து மூன்று சிரிப்புப் புத்தகங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் முதல் கேள்வி, முதல் சிரிப்பு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதுதான்.

அந்தக் கணக்கில் பரமார்த்த குருவை மிஞ்ச ஆளில்லை. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று சீடர்களின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "சார், இவன்தான் மட்டி" என்று பக்கத்தில் இருப்பவனை ஒருவன் காட்டிக்கொடுத்துவிடுவான். அப்புறம் அவர்கள் கடக்க வேண்டிய அந்த ஆறு. விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிறார்கள்; 'சுர்'ரென்று புகை வந்ததும் அலறி ஓடுகிறார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிற மாமாவைப் பார்த்து வளர்ந்த பென்னாகரத்துப் பையனுக்கு இதைவிடப் பெரிய கூத்து வேண்டுமா? வகுப்பில் எப்போதும் திட்டு வாங்குகிறவன், இந்தக் கதைக்குள் குருவையே விட விவரமானவனாகிவிடுகிறான். கரையேறியதும் தன்னை விட்டுவிட்டு ஒவ்வொருவரும் தலையை எண்ணுகிற இடத்தில், "உன்னையும் எண்ணுடா!" என்று புத்தகத்தைப் பார்த்தே கத்துவான்.

குறையும் உண்டு. மூல நடை இன்றைய பையனுக்குக் கடினம், எளிய நடையில் திருப்பி எழுதிய பதிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். கதை முடிவில் நீதி ஒட்டியிருந்தால் அதைப் படிக்காமல் தாண்டிவிடுங்கள். சாகசம் என்று பார்த்தாலும் கொஞ்சம் மெலிவுதான். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்குகிற கதை வரை விழுந்து விழுந்து சிரிப்பவன், அதற்கப்புறம் "சண்டை எப்போ வரும்?" என்று கேட்க ஆரம்பிப்பான்.

அப்போது லக்கி லூக். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946இல் உருவாக்கிய கௌபாய். பிறகு பல கதைகளை எழுதியவர் கோசினி. தமிழில் சிவகாசியிலிருந்து, 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வெளியிடுகிறது. ரயில் கொள்ளை, சிறை உடைப்பு, குதிரைத் துரத்தல் எல்லாம் நிஜமான சாகசம். அதில் வருகிற கொள்ளைக்கார டால்டன் சகோதரர்கள் நால்வரில் குள்ளனுக்குத்தான் கோபம் அதிகம், நெட்டையனுக்கு எப்போதும் பசி. இதை விளக்கவே வேண்டியதில்லை, எல்லா வகுப்பிலும் அப்படி இருவர் இருக்கிறார்கள். பேச்சுக்குமிழிகள் சின்னச் சின்னதாக இருப்பது பெரிய வசதி. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கிற பையன்களுக்கு முழுப்பக்க உரைநடை மலைப்பாக இருக்கும். இரண்டு வரிக் குமிழி அப்படியில்லை.

"படத்தை மட்டும் புரட்டிட்டு மூடிடுவானே" என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயமான புகார். ஆனால் லக்கி லூக்கில் பாதி நையாண்டி ஜாலி ஜம்பர் என்கிற குதிரை முணுமுணுப்பதில் இருக்கிறது. அதைப் படிக்காதவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் ஏன் சிரிக்கிறான் என்றே தெரியாது. விலைதான் உதைக்கிறது: வண்ண இதழ்கள் பெரும்பாலும் நூறு ரூபாய்க்கு மேல். பக்கத்துப் பெட்டிக்கடையிலும் கிடைக்காது; தபாலில் வரவழைக்க வேண்டும்.

தேவனின் துப்பறியும் சாம்புவைப் பெரியவர்கள் ஆசையோடு சிபாரிசு செய்வார்கள். நானும் ரசிகன்தான். தட்டுத்தடுமாறியே திருடனைப் பிடிக்கிற வங்கி குமாஸ்தா, நல்ல தமாஷ். ஆனால் அந்தக் காலத்து மெட்ராஸ் பேச்சும் சூழலும் பாலக்கோட்டுப் பையனுக்கு வெளிநாடு மாதிரி. ஒன்பதாவதுக்கு மேல் கொடுங்கள்.

என் ஓட்டு முதலில் குருவுக்கு, அதுவும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதற்கு. பூசணிக்காய் உடைந்து முயல் ஓடுகிற இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள், மிச்சத்தை அவனே எடுப்பான். அடுத்தது லக்கி லூக். வகுப்புக்கு ஒரு பிரதி போதும், கைமாறிக் கைமாறிக் கிழியட்டும். காசே இல்லையென்றால் அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் கொடுத்த மெல்லிய புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்தவை. அதில் வேடிக்கையானதாக நீங்களே முதலில் படித்துப் பொறுக்கி வைக்க வேண்டும். வாங்குவதென்றால் தகடூர் புத்தகப் பேரவை நடத்துகிற தருமபுரி புத்தகத் திருவிழாவுக்குப் பையனையும் கூட்டிப்போய், அவனையே எடுக்க விடுங்கள்.