ஆதார் ஜெராக்ஸ் எங்கே போகிறது?

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்ததும் மதுரையில் சிம் வாங்கப் போனேன். வேலை சட்டென்று முடிந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கம்பெனி ஆப்பில் எடுத்த பிறகு, கடைத் தம்பி என் ஆதாரை முன்னும் பின்னும் தன் சொந்த போனிலும் படம் எடுத்தார். "சர்வர் நின்னுட்டா உங்களைத் திரும்ப அலையவிடக் கூடாதுல்லண்ணே" என்றார். கேலரியில் யார் யாருடைய ஆதார் அட்டைகளோ வரிசையாக, நடுவில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் படம். அழிக்கச் சொன்னேன், மறுபேச்சின்றி அழித்தார். மற்றவர்களுடையது அங்கேயேதான் இருக்கிறது.

சிம்முக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு அதற்கும் முந்தைய ஆண்டு வந்தது. கவுன்டரில் இதையெல்லாம் யார் பேசுவது?

லாட்ஜில் இன்னும் மோசம். முதல் எட்டு எண்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதாரை, ஆதார் வழங்கும் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதை நீட்டினால், "இது செல்லாது சார், முழு நம்பர் வேணும்" என்றார் மேனேஜர். கடைசியில் ஓட்டுநர் உரிமத்தின் நகலில் 'அறை எடுக்க மட்டும்' என்று தேதியோடு குறுக்கே எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று மத்திய அரசே உடனே அதைத் திரும்பப் பெற்றது.

2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. நல்லது. அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு, தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு தர வழி செய்கிறது. நம்மைப் பற்றி அதிகம் தெரிந்துவைத்திருப்பவரே அரசுதான். கேள்வி கேட்க முடியாத இடத்திலும் அவரே இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கிளம்பும் முன் என் கைரேகைப் பதிவை ஆதார் ஆப்பில் பூட்டிவைத்தேன். அம்மாவுடையதையும் பூட்டலாம் என்று உட்கார்ந்தேன். ரேஷன் கடையில் மாதாமாதம் விரல் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓடிபி வாங்கித் திறந்து மூட அவருக்குத் தெரியாது. "அரிசி வாங்கணும்ப்பா, அப்படியே விடு" என்றார். விட்டுவிட்டேன்.