செத்த கழுதைக்கு 350 ரூபாய்

போன வாரம் டிவிடி பிளேயரின் தட்டு வெளியே வர மறுத்துவிட்டது. ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெல்ட் போயிருந்தது, மாற்ற 350 ரூபாய். "இதையெல்லாம் இன்னும் யாரு சார் பாக்குறாங்க?" என்றார் கடைக்காரர். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது 'டிராப் த டெட் டாங்கி' (செத்த கழுதையைத் தூக்கிப் போடு) என்ற நகைச்சுவைத் தொடரின் மூன்றாம் சீசன். பன்னிரண்டு வருடமாக என்னிடம் இருக்கிற பிரிட்டிஷ் செட். டிஸ்க் எந்த நாட்டில் ஓடும் என்பதற்கு ரீஜன் என்று ஒரு பூட்டு உண்டு: அவர்களுக்கு 2, நமக்கு 5. அதனால் பிளேயர் வாங்கிய அன்றே இதே தெருவில் பூட்டை எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நண்பனின் தம்பி ஒரு செய்தி சேனலில் சேர்ந்திருக்கிறான். "அண்ணே, அந்த செட்டை வாங்கலாமா?" என்று கேட்டான். அவனுக்காகத்தான் இது.

1990 முதல் 1998 வரை பிரிட்டனின் சேனல் 4-இல் வந்த தொடர். செய்தி நிறுவனத்தை ஒரு கோடீஸ்வரர் வாங்கிவிடுகிறார், அவருடைய ஆளான கஸ் செய்தியைக் கெடுக்கிறார், ஆசிரியர் ஜார்ஜ் தடுக்கப் பார்த்துத் தோற்கிறார். கதை இவ்வளவுதான்.

எனக்கு எரிச்சல் ஒன்றே ஒன்று. ஒளிபரப்புக்கு முந்தின நாள்வரை காத்திருந்து பதிவு செய்வார்கள், அந்த வாரச் செய்தியையே நக்கலடிப்பதற்காக. முதல் எபிசோடு 1990 ஆகஸ்ட் 9. ஈராக் குவைத்துக்குள் நுழைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு அது வாணலியிலிருந்து எடுத்த பஜ்ஜி. இன்றைக்கு எண்ணெய் கோர்த்து ஆறிப்போனது. அப்போது பிரதமராக இருந்த ஜான் மேஜர் வரை சமாளிக்கிறேன். அதற்குக் கீழே யாரோ ஒரு மந்திரி பெயரைச் சொல்வார்கள், அரங்கமே சிரிக்கும், நான் நிறுத்திவிட்டு போனில் தேடுவேன். "இப்படி நிறுத்தி நிறுத்திப் பாக்குறதுக்குப் பழைய பேப்பரே படிக்கலாமே" என்பாள் மனைவி. பன்னிரண்டு வருடமாகச் சொல்கிறாள். பதில் கிடைத்தபாடில்லை.

ஆனால் அந்தக் கரடி பொம்மை! டேமியன் என்ற நிருபர் விபத்து நடந்த இடத்துக்கெல்லாம் அதை எடுத்துக்கொண்டு போவான், இடிபாட்டுக்கு நடுவில் வைத்துப் படம் பிடிப்பான். முதல் தடவை பார்த்தபோது மிகை என்று நினைத்தேன். அப்புறம் 2015 வெள்ளம் வந்தது. அதற்கடுத்த வருடங்களில் நாலு தூறல் விழுந்தாலே எங்கள் செய்தி சேனலுக்குப் பதற்றம். ஒரு நாள் நான் செய்தியை ஒளிபரப்புக்கு அனுப்பும் அவுட்புட் டெஸ்கில் இருக்கிறேன். மேற்கு மாம்பலத்திலிருந்து லைவ், இன்னும் ஆன் ஏர் போகவில்லை. மானிட்டரில் நிருபர் கணுக்கால் தண்ணீரில் நிற்கிறார். கேமராமேன் குரல் மட்டும் கேட்கிறது: "அண்ணே, இடப்பக்கம் ரெண்டடி வாங்க, அங்க பள்ளம்." அண்ணன் நகர்ந்தார், முட்டி வரை முங்கினார், லைவ் போனது. 'முழங்கால் அளவு தண்ணீரில் தத்தளிக்கும் மக்கள்' என்று ஸ்க்ரோல் அடித்தது நான்தான். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கரடி வரும் எபிசோடைப் போட்டேன், சிரிப்பு வரவில்லை.

கஸ் மாதிரி ஒருவரும் எங்களிடம் இருந்தார். மார்க்கெட்டிங்கிலிருந்து வருவார், முதுகுக்குப் பின்னால் நிற்பார், "நான் சும்மாதான் வந்தேன், நீங்க பாருங்க" என்பார். அவர் போன பிறகு செய்தி வரிசைப் பட்டியலான ரன்டவுனில் முதல் செய்தி ஆறாவதாகியிருக்கும்.

கடைசி சீசனில் கம்பெனியையே மூடுகிறார்கள், ஆளாளுக்கு வேலை தேடுகிறார்கள். அதை மட்டும் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். எங்கள் சேனலில் ஆட்குறைப்பு நடந்த வருடம் அந்த டிஸ்க்கை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

சரி, தம்பிக்குப் பதில்: வாங்காதே. பாதி ஜோக் செத்துவிட்டது, உன்னிடம் பிளேயரும் இல்லை. மீதிப் பாதியை ஆபீஸிலேயே இலவசமாகப் பார்ப்பாய்.

கடைக்காரரிடம் அதே அளவில் இன்னொரு பெல்ட் இருந்தது. இனிமேல் இது வராது சார் என்றார். அதையும் வாங்கி வைத்திருக்கிறேன்.